ஆவண மென்பொருளுக்குப் பெரிய சோதனைத் தொகுப்பு: எதை, எங்கே, எப்போது ஓட்டுவது?

சேலத்துச் சேகோ ஆலை ஒன்றிலிருந்து மகாராஷ்டிரத்துக்குக் கிளம்பும் ஒரு லாரி ஜவ்வரிசியோடு எத்தனை வகைத் தாள்கள் செல்கின்றன என்று பார்த்தால், ஆவணங்களைப் படிக்கும் மென்பொருளை எழுதுபவரின் பாடு விளங்கிவிடும். கணினியில் உருவான ஜிஎஸ்டி பில், ஈவே பில், டாட் மேட்ரிக்ஸ் அச்சில் மங்கிப்போன எடைச்சீட்டு, கார்பன் நகலில் கையால் எழுதிய லாரி ரசீது, இவை அனைத்தையும் ஓட்டுநர் தம் கைப்பேசியில் சாய்வாகப் பிடித்தனுப்பிய படங்கள் என்று அந்தக் கட்டு நீளும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களின் எடைச்சீட்டுகள் ஈரக்காற்றில் மை பரவி வருகின்றன. வங்கிக் கடனுக்காக வரும் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றின் அமைப்போ முற்றிலும் வேறு. அவற்றுள் பழையவை ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருக்களில் இருப்பதும் உண்டு.

இத்தகைய மென்பொருளில் ஒவ்வொரு தவறும் ஓர் ஆவணத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. வாடிக்கையாளர் அனுப்பிய பில்லில் மொத்தத் தொகை தவறாகப் படிக்கப்பட்டிருந்தால், நிரலைத் திருத்திய கையோடு அந்தப் பில்லையும், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் மென்பொருள் சரியாகப் படிக்கிறதா என்று தானாக ஓட்டிப் பார்க்கும் சோதனைத் தொகுப்பில் சேர்த்துவிடுகிறோம். அது நல்ல பழக்கம்தான். ஆனால் சில ஆண்டுகளில் தொகுப்பு ஆயிரக்கணக்கில் பெருகி, முழுவதும் ஓடி முடிய மணிக்கணக்கில் ஆகி, எந்நேரமும் ஏதோ சில சோதனைகள் தோல்வியைக் காட்டும் சிவப்பாகவே கிடந்து, கடைசியில் அந்தச் சிவப்பை யாரும் பொருட்படுத்தாத நிலை வந்துவிடுகிறது. அந்த நிலையை நெருங்கிக்கொண்டிருக்கும் ஒரு சிறு குழு, சேலத்தில் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு குழு என்று வைத்துக்கொள்வோம், தன் முன் உள்ள வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இங்கே ஆராயப்படும் கேள்வி.

இந்தப் பேச்சு பெரும்பாலும் கிளவுடில் ஓட்டுவதா, சொந்த சர்வரில் ஓட்டுவதா என்றுதான் தொடங்குகிறது. என் கருத்தில் அது பின்னால் வர வேண்டிய கேள்வி. ஒவ்வொரு சோதனையும் மென்பொருளிடம் எதைக் கேட்கிறது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். ‘விடை சரியா?’ என்று கேட்கும் சோதனை வேறு, ‘விடை முன்பு இருந்ததிலிருந்து மாறியிருக்கிறதா?’ என்று கேட்கும் சோதனை வேறு. இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்து, ஒரே பச்சையாலும் சிவப்பாலும் காட்டுவதுதான் தொகுப்பின் மீதான நம்பிக்கை கரைவதற்கு முதற்காரணம். கீழே வரும் மூன்று வழிகளையும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் எடை போட்டிருக்கிறேன்.

முழு வெளியீட்டையும் ஒப்பிடுவது

ஏறத்தாழ எல்லாக் குழுக்களும் தொடங்கும் வழி இது. ஆவணத்தை மென்பொருளில் செலுத்தி, வெளிவரும் உரையையோ ஜேசன் என்னும் கட்டமைப்புத் தரவையோ ஒரு கோப்பாகச் சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்தடுத்து ஓட்டும்போது வருவதை அதனோடு ஒப்பிடுகிறோம். கோல்டன் கோப்பு என்றும் ஸ்னாப்ஷாட் சோதனை என்றும் இதைச் சொல்வார்கள். புதிய சோதனையைச் சேர்க்கச் சில நிமிடங்கள் போதும் என்பது இதன் பெரிய கவர்ச்சி. அதைவிட முக்கியமான பலன் ஒன்றும் உண்டு. அட்டவணையின் கடைசி வரிசை காணாமற்போவது, அடிக்குறிப்பு பத்திக்கு நடுவே புகுந்துவிடுவது, இரண்டு பத்திகளாக அச்சான பக்கத்தில் இடமும் வலமும் வரிவரியாகக் கலந்துவிடுவது போன்றவற்றையெல்லாம் முன்கூட்டியே யோசித்துச் சோதனை எழுதிவைக்க யாராலும் இயலாது. முழு ஒப்பீடு அவற்றைத் தானாகவே காட்டிக்கொடுத்துவிடும்.

தொல்லை, பொருளில்லாத மாற்றங்களால் வருகிறது. மென்பொருள் பிடிஎஃப் கோப்புகளை உருவாக்கவும் செய்தால், ஒவ்வொரு முறையும் உருவான நேரமும் கோப்பின் அடையாள எண்ணும் மாறும். டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம் என்பதால் உள்ளிருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் நேரமுத்திரை உண்டு. ஆகவே பைட்டுக்குப் பைட் ஒப்பிடுவது பயன்படாது. நேரத்தை நிலைநிறுத்தியோ நீக்கியோ பிறகுதான் ஒப்பிட வேண்டும். எழுத்துரு இன்னொரு தொல்லை. ஒருவர் கணினியில் லதாவும் இன்னொருவர் கணினியில் நோட்டோ சான்ஸ் தமிழும் இருந்தால் வரி முறியும் இடம் மாறும், அதனால் பக்கம் முறியும் இடமும் மாறும், பக்க எண்ணிக்கையே வேறாகிவிடும். எழுத்துருக்களையும் நூலகங்களின் பதிப்புகளையும் எங்கே ஓட்டினாலும் ஒரே சூழலைத் தரும் கண்டெய்னர் என்னும் பொட்டலத்துக்குள் பூட்டிவைக்காமல் இந்த வழியில் இறங்கவே கூடாது.

தமிழ் உரையை ஒப்பிடும்போது இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ‘கொ’ என்னும் எழுத்தைக் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடுகளில் சேமிக்கலாம். ககரம், கொம்பு, கால் என்று மூன்றாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இத்தகைய மாற்றுச் சேமிப்புகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் ஒருங்குறியின் என்எஃப்சி நெறிப்படுத்தலைச் செய்துவிட்டால் கணினிக்கும் ஒன்றாகிவிடும். ‘ஸ்ரீ’ அவ்வாறு இல்லை. ஶகரம் 2005இல் ஒருங்குறியின் 4.1 பதிப்பில்தான் சேர்ந்தது என்பதால், அதற்கு முன்னிருந்த வழக்கப்படி ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீ ஒரு புறமும், ஶகரத்தில் தொடங்கும் ஸ்ரீ மறுபுறமும் ஆவணங்களில் உலவுகின்றன. என்எஃப்சி இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளாது. ஸ்ரீயில் தொடங்கும் கடைப் பெயர்களுக்குச் சேலத்தில் குறைவில்லை என்பதால், ஒப்பிடுவதற்கு முன் இதற்கென்று தனி விதி எழுதியாக வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் இப்படிச் சமன்செய்துவிடக் கூடாது. பிடிஎஃப் கோப்பில் எழுத்து வடிவங்கள் தாளில் தோன்றும் வரிசையிலேயே அடுக்கப்பட்டிருந்து, அவற்றுக்குரிய ஒருங்குறி அட்டவணையும் சரியாக இல்லாதபோது, இரட்டைக்கொம்பு முன்னே வந்து ‘சேலம்’ என்பது ‘ேசலம்’ என்று வெளிப்படும். இது குறியீட்டு வேறுபாடு அன்று. மென்பொருளின் உண்மையான தவறு. இப்படி வெளிவந்த உரையில் யார் எவ்வளவு தேடினாலும் சேலம் அகப்படாது. எந்த வேறுபாட்டை ஒப்பீட்டுக்கு முன்பே களைவது, எதைத் தவறாகவே காட்டுவது என்று குழுவில் எல்லாரும் கூடித் தீர்மானித்து எழுதிவைக்க வேண்டும். ஒருவர் அவசரத்துக்குச் சேர்க்கும் ஒற்றை வரியில் அது முடிந்துவிடக் கூடாது.

இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும் இந்த வழிக்கு ஆழமான குறை ஒன்று எஞ்சுகிறது. படத்திலிருந்து எழுத்துகளைப் படித்தெடுக்கும் டெசராக்ட் போன்ற எழுத்துணரியை அடுத்த பதிப்புக்கு மாற்றும் நாளை எண்ணிப் பாருங்கள். 2018இல் வந்த அதன் நான்காம் பதிப்பு நரம்பியல் வலைப்பின்னல் முறைக்கு மாறியபோது நிகழ்ந்ததைப் போன்ற மாற்றத்தில், ஸ்கேன் செய்த ஆவணங்களில் ஏறத்தாழ அனைத்தின் வெளியீடும் ஏதோவோர் இடத்தில் வேறுபடும். ஆயிரக்கணக்கான வேறுபாடுகளை ஒருவர் உட்கார்ந்து படிக்கப் போவதில்லை. எல்லாவற்றையும் புதுப்பிக்கும் கட்டளையை ஓட்டிவிட்டு நிரல் வரலாற்றில் ஒரே பதிவாக, அதாவது ஒரே கமிட்டில், முடித்துவிடுவார். அந்தக் கணத்தில், புதிதாகப் புகுந்த தவறுகளும் ‘எதிர்பார்க்கப்படும் விடை’ என்ற தகுதியைப் பெற்றுவிடுகின்றன. ஒரு மனிதர் தாளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த விடை எது, மென்பொருள் உமிழ்ந்ததை அப்படியே சேமித்தது எது என்பதைக் கோல்டன் கோப்பு தன் மேல் எழுதி வைத்திருப்பதில்லை.

புலங்களையும் விதிகளையும் சோதிப்பது

இரண்டாவது வழியில், பயனாளருக்கு உண்மையில் தேவைப்படுவதை மட்டும் கேட்கிறோம்: பில் எண், தேதி, விற்பவர் வாங்குபவர் ஜிஎஸ்டி எண்கள், வரிக்கு முந்தைய தொகை, வரி, மொத்தம். இவற்றை ஒருவர் தாளைப் பார்த்து எழுதி, இன்னொருவர் சரிபார்த்து வைக்க வேண்டும். இது மெதுவான வேலை. ஆனால் இவ்வாறு எழுதப்பட்ட விடை, மென்பொருளின் எந்தப் பதிப்பையும் சாராமல் நிற்கும். எழுத்துணரியை மாற்றினாலும் விடையைத் தொட வேண்டியதில்லை.

வணிக ஆவணங்களுக்கு இதில் கூடுதல் வசதி ஒன்று உண்டு. விடையை யாரும் எழுதாமலே சோதிக்கக்கூடிய விதிகள் அவற்றுக்குள்ளேயே இருக்கின்றன. ஜிஎஸ்டி எண்ணில் 15 இடங்கள். முதல் இரண்டும் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33, மகாராஷ்டிரத்துக்கு 27. அடுத்த 10 இடங்கள் பான் எண். கடைசி இடம் முன்னுள்ளவற்றிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்புக் குறி. எழுத்துணரி 8ஐ ஆங்கில பி என்றோ 5ஐ எஸ் என்றோ படித்துவிட்டால், எந்த இடத்தில் எண் வர வேண்டும், எந்த இடத்தில் எழுத்து வர வேண்டும் என்ற விதியும் சரிபார்ப்புக் குறியும் சேர்ந்து அதைப் பிடித்துவிடும். மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையில் மத்திய ஜிஎஸ்டியும் மாநில ஜிஎஸ்டியும் ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும். வேறு மாநிலத்துக்கு வழங்கினால் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி மட்டுமே வரும். ஜவ்வரிசி 90 கிலோ மூட்டைக் கணக்கில் விற்ற பில்லாக இருந்தால், மூட்டை எண்ணிக்கையை 90ஆல் பெருக்கியது நிகர எடையோடு ஒத்துப்போக வேண்டும். வரிக்கு முந்தைய தொகையும் வரியும் கூடி மொத்தத்தோடு பொருந்த வேண்டும். ‘ரவுண்ட் ஆஃப்’ என்ற வரிசைக்குச் சில்லறை அளவில் இடம் விட்டால் போதும். இந்தச் சில விதிகளைக் கொண்டே, விடை எழுதப்படாத எத்தனை ஆயிரம் பில்களை வேண்டுமானாலும் சோதிக்கலாம்.

விதிகளை நம்பும்போது ஒன்றை மறக்கக் கூடாது. தாளிலேயே கணக்குத் தவறாக இருப்பதுண்டு. கையால் எழுதிய பில்லில் கூட்டல் பிழை இருந்தால், மென்பொருளின் கடமை தாளில் உள்ளதை உள்ளபடி படித்துப் பிழையைச் சுட்டிக்காட்டுவதே. விதிக்குப் பொருந்துமாறு எண்ணை மாற்றிப் படிப்பது பெரிய தீங்கு. ஆகவே இத்தகைய தாள்களைத் தொகுப்பில் வேண்டுமென்றே வைத்து, ‘விதி மீறல் தாளிலேயே உள்ளது’ என்று குறித்து, மென்பொருள் அப்படியே சொல்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

எண்களுக்கு அப்பால், முழு உரையின் துல்லியத்தைக் கேட்கும்போது சமமா இல்லையா என்று பார்ப்பது பொருந்தாது. பிழை விகிதம் ஒரு வரம்புக்குள் இருக்கிறதா என்றே பார்க்க வேண்டும். அந்த விகிதத்தை ஒருங்குறிக் குறியீடுகளின் எண்ணிக்கையில் கணக்கிட்டால் ‘க்ஷ’ ஒன்றே மூன்றாக எண்ணப்படும். படிப்பவர் காணும் எழுத்துகளின் எண்ணிக்கையில் கணக்கிடுவதே முறை. வரம்பை ஒவ்வோர் ஆவணத்துக்கும் தனித்தனியே வைக்க வேண்டும். தெளிவான நூறு பில்கள் மிகச் சிறிது மேம்பட்டதால், ஏற்காட்டு எடைச்சீட்டுகள் மொத்தமும் சரிந்துவிட்டதைச் சராசரி மறைத்துவிடும்.

ஹைபோதெசிஸ் போன்ற கருவியால் தொகைகளையும் பெயர்களையும் தற்போக்கில் உருவாக்கி, பில்லாக அச்சிட்டு, திரும்பப் படிக்கவைப்பதும் இந்த வழியைச் சேர்ந்ததே. 1,23,456.78 என்று நம் வழக்கில் காற்புள்ளி இட்ட எண்ணை மேனாட்டு முறைக்கு எழுதிய பகுப்பி (உரையைப் பிரித்துப் பொருள் காணும் நிரல்) எப்படிக் கையாளுகிறது என்பதுபோன்ற ஓரக்கேள்விகளுக்கு இது மிகவும் ஏற்றது. கசங்கல், ஈரம், முத்திரையின் மேல் விழுந்த கையொப்பம் ஆகியவற்றை மட்டும் அது தராது.

இந்த வழியின் எல்லை தெளிவானது: கேட்டதற்கு மட்டுமே விடை கிடைக்கும். பில்லின் இரண்டாம் பக்கத்து நிபந்தனைகள் அனைத்தும் காணாமற்போயிருந்தாலும் எல்லாச் சோதனைகளும் பச்சையாகவே இருக்கும்.

இரண்டு பதிப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது

மூன்றாவது வழி, சரியான விடை என்ன என்று கேட்பதே இல்லை. இப்போது பயன்பாட்டிலுள்ள பதிப்பையும் வெளியிட இருக்கும் பதிப்பையும் ஒரே பெரிய ஆவணக் குவியலின் மீது ஓட்டி, எவை மாறின என்று அறிக்கை தருகிறது. பலவகைக் கோப்புகளிலிருந்து உரையைப் பிரித்தெடுக்கும் அப்பாச்சி டிகா திட்டத்தினர் இதற்கென்றே டிகா-இவால் என்னும் கருவியை வைத்திருக்கிறார்கள். இணையப் பக்கங்களைத் திரட்டிப் பொதுவில் வைக்கும் காமன் க்ராலிலிருந்து எடுத்தவை உள்ளிட்ட பெருந்தொகுப்பின் மீது தங்கள் பகுப்பிகளை ஓட்டி, வெளியீட்டுக்கு முன் இரண்டு பதிப்புகளையும் ஒப்பிடுகிறார்கள். அலுவலக மென்பொருளான லிப்ரெஓபிஸின் திட்டத்தினர் பல பிழைப்பதிவேடுகளில் பயனாளர்கள் இணைத்த ஆவணங்களைத் திரட்டி, அவற்றைத் திறக்கும்போது நிரல் முறிகிறதா, அதாவது பாதியில் நின்றுவிடுகிறதா, என்று தொடர்ந்து சோதிக்கிறார்கள். கோப்பு வடிவங்களின் பன்மையை நேரில் எதிர்கொள்ளும் பெரிய திட்டங்கள் இவ்வழிக்கு வந்ததில் வியப்பில்லை. அத்தனை ஆவணங்களுக்கும் விடை எழுத உலகில் ஆள் கிடையாது.

அறிக்கையை எப்படித் தொகுப்பது என்பதில்தான் இவ்வழி வாழ்வதும் சாவதும். ‘இத்தனை ஆவணங்கள் மாறின’ என்ற ஒற்றை எண்ணால் பயனில்லை. புதிதாக முறிந்தவை, நேரவரம்பைத் தாண்டியவை, பக்க எண்ணிக்கை மாறியவை, மொத்தத் தொகை மாறியவை, சொற்களின் எண்ணிக்கை கூடியவை குறைந்தவை என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் சில மாதிரிகளைப் பழையதும் புதியதும் அருகருகே தெரியுமாறு காட்ட வேண்டும். டிகா-இவால் செய்வதுபோல, வெளிவந்த சொற்களில் எத்தனை அந்த மொழியின் பரவலான சொற்பட்டியலில் உள்ளன என்று கணக்கிட்டால் தமிழுக்கு அது மிகவும் உதவும்: ‘ேசலம்’ போன்றவை எந்தப் பட்டியலிலும் இரா என்பதால், வரிசை குலைந்த ஆவணங்கள் அந்த ஒரு கணக்கிலேயே மேலே மிதந்து வந்துவிடும்.

இரண்டு பதிப்புகளும் ஒரே தவறைச் செய்தால் இவ்வழி மௌனமாக இருக்கும். மாற்றம் நல்லதா கெட்டதா என்றும் இது சொல்லாது. அதைச் சொல்ல ஒருவர் அறிக்கையைப் படித்தாக வேண்டும். படிப்பதற்கு ஆள் ஒதுக்காத குழு இதை அமைக்காமலிருப்பதே மேல்.

இனி என் முடிவைச் சொல்கிறேன். மெர்ஜைத் (புதிய நிரலை முதன்மை நிரலோடு சேர்ப்பதை) தடுக்கும் உரிமை இரண்டாவது வழிக்கு மட்டுமே இருக்க வேண்டும்: மனிதர் சரிபார்த்த விடையுள்ள சில நூறு ஆவணங்கள், அவற்றோடு விதிகள். ஆயிரக்கணக்கான மற்ற ஆவணங்கள் மூன்றாவது வழிக்குச் செல்ல வேண்டும். அங்கே புதிதாக நிரல் முறிந்தால் மட்டும் வெளியீட்டைத் தடுக்கலாம், ஏனையவை அறிக்கையோடு நிற்கட்டும். முழு வெளியீட்டு ஒப்பீட்டை நான் முற்றிலும் ஒதுக்கச் சொல்லவில்லை. வெளியீடு சிறிதாகவும், மாறக் காரணமில்லாததாகவும், ஒருவர் ஒரே பார்வையில் படித்துவிடக்கூடியதாகவும் உள்ள இடங்களில், எடுத்துக்காட்டாக அட்டவணைப் பகுப்பியில், அதைவிடச் சிறந்த முறை இல்லை. செவ்வாய்ப்பேட்டைக் கடைத் தராசில் முத்திரையிட்ட எடைக்கற்கள் சிலவே இருக்கும், நிறுக்கப்படும் சரக்கு மலையளவு இருக்கும். அந்தச் சிலவற்றின் முத்திரையைக் காப்பதில்தான் எல்லாக் கவனமும் செல்ல வேண்டும்.

ஆவணங்கள் இருக்கும் இடம்

நிரலோடு சேர்த்து, அதன் எல்லாப் பதிப்புகளையும் காக்கும் கிட் களஞ்சியத்திலேயே ஆவணங்களை வைப்பது எளிது. ஆனால் ஒருமுறை சேர்த்த ஸ்கேன் கோப்பு, பின்னர் நீக்கினாலும் வரலாற்றில் தங்கிவிடும். கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைத்துத்தரும் கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்பதுமில்லை. பெரிய கோப்புகளைத் தனியே வைக்கும் கிட் எல்எஃப்எஸ் இதைத் தீர்க்கிறது. எனினும் சோதனை ஓடும் ஒவ்வொரு முறையும் புதிய ரன்னர் (சோதனையை ஓட்டும் கணினி) முழுத் தொகுப்பையும் இறக்கினால் பதிவிறக்கக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். பெருந்தொகுப்புக்கு நான் பரிந்துரைப்பது மூன்றாவது ஏற்பாட்டை: கோப்புகளைத் தனிச் சேமிப்பகத்தில் அவற்றின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஷா-256 மதிப்பையே பெயராக இட்டு வைப்பது, எந்தச் சோதனைக்கு எந்தக் கோப்பு என்ற பட்டியலை மட்டும் கிட்டில் வைப்பது. சிறு தொகுப்பு மட்டும் களஞ்சியத்தோடு வரட்டும். மழைநாளில் ஏற்காட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் அது போதும்.

இடத்தைத் தேர்வு செய்யும்போது செலவைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. இவை வாடிக்கையாளரின் ஆவணங்கள். பட்டாவில் பெயரும் தந்தை பெயரும், கடன் கோப்பில் ஆதார் எண்ணும் இருக்கும். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, ‘சோதனைக்குத்தானே’ என்று சொல்லி அவற்றைக் கண்ட இடத்தில் போட்டுவைக்க முடியாது. அனுமதி பெற வேண்டும். அடையாளங்களை மறைக்க வேண்டும். பிடிஎஃப்பில் ஆதார் எண்ணின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்தால் அடியிலுள்ள எழுத்து அப்படியே இருக்கும் என்பதால், உரையையே நீக்கும் முறையில்தான் மறைக்க வேண்டும். மறைத்த பிறகு, எந்தத் தவறுக்காக அந்த ஆவணத்தைச் சேர்த்தோமோ அந்தத் தவறு பழைய நிரலில் இன்னும் வெளிப்படுகிறதா என்று ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது இன்றியமையாதது. மறைக்கும்போது கோப்பு புதிதாக எழுதப்பட்டு, தவறுக்குக் காரணமான கோணல் தானாகவே நேராகிவிடுவது அடிக்கடி நடப்பதுதான்.

கிளவுடா, அலுவலக அறையா

பத்தாயிரம் ஆவணங்கள், ஒன்றுக்குச் சராசரியாக 3 விநாடி என்று கொண்டால் 30,000 விநாடி, அதாவது 8 மணி 20 நிமிடம். கிட்ஹப் வழங்கும் ரன்னரில் ஒரு வேலை 6 மணி நேரத்துக்கு மேல் ஓட முடியாது. எட்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் என்று வருகிறது. ஒரே அமைப்பில் 256 வேலைகள் வரை பிரிக்க இடமுண்டு. ஆனால் ஆவண எண்ணிக்கையை வைத்துச் சமமாகப் பிரித்தால், பல நூறு பக்க ஸ்கேன் கோப்பு விழுந்த பங்கு மட்டும் எல்லாரையும் காக்கவைக்கும். முந்தைய ஓட்டங்களில் ஒவ்வொன்றும் எடுத்த நேரத்தைச் சேமித்து, அதன்படி பங்கிடுவதே சரி.

ஒரே கணினியில் இணையாக ஓட்டுவதிலும் இரண்டு பொறிகள் உள்ளன. டெசராக்ட் தானாகவே பல த்ரெட்களை, அதாவது இணையாக ஓடும் பணி இழைகளை, தொடங்கும். எட்டு சோதனைகளை ஒரே நேரத்தில் ஓட்டினால் அவை ஒன்றையொன்று நெருக்கி, ஒவ்வொன்றாக ஓட்டுவதைவிட மெதுவாகப் போவதுகூட உண்டு. ஓஎம்பி த்ரெட் லிமிட் என்னும் சூழல் மாறியை 1 என்று வைத்தால் இது தீரும். லிப்ரெஓபிஸைத் திரையின்றி ஓட்டி ஆவணங்களை மாற்றும்போது, எல்லா ஓட்டங்களும் ஒரே பயனர் சுயவிவரக் கோப்புறையைப் பூட்டப் பார்க்கும். இரண்டாவது ஓட்டம் எதையும் செய்யாமல் திரும்பிவிடும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தனிச் சுயவிவரக் கோப்புறை கொடுக்க வேண்டும். நினைவகத்தையும் கணக்கிட வேண்டும்: ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) வரைந்தால் 2,480க்கு 3,508 படப்புள்ளிகள், வண்ணத்தில் ஏறத்தாழ 26 எம்பி, இடைநிலைப் படிகளின் நகல்களையும் இணை ஓட்டங்களையும் பெருக்கினால் சிறிய ரன்னர் திணறிவிடும்.

சொந்தக் கணினியின் பக்கம் நிற்கும் காரணங்கள் வலுவானவை. ஆவணங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே போவதில்லை, பதிவிறக்கம் ஒருமுறைதான், இரவெல்லாம் ஓடினாலும் நிமிடக் கட்டணம் இல்லை. எதிர்ப்பக்கம், சேலத்துச் சித்திரை வெயிலில் குளிர்சாதனமில்லாத அறையில் அதை முழுச் சுமையில் ஓட்ட முடியாது. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரம் நிற்கும் நாளில் யூபிஎஸ் நெடுநேரம் தாங்காது. இயக்குதளத்தைப் புதுப்பிக்கவும் வட்டு நிறைந்தால் பார்க்கவும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். இவற்றைப் பார்க்கும்போது, வேலையைப் பங்கிடுவதே பொருத்தம். மெர்ஜைத் தடுக்கும் சிறு தொகுப்பு, அடையாளம் மறைத்த ஆவணங்களோடு, கிளவுடில் பத்து நிமிடங்களுக்குள் முடியட்டும். பெருந்தொகுப்பின் பதிப்பொப்பீடு அலுவலகக் கணினியில் இரவில் ஓடட்டும். பராமரிப்பு மின்தடை பகலில்தான் வரும் என்பதும் இதற்கு ஒத்துவருகிறது. ஓட்டம் பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி, ஒவ்வோர் ஆவணத்தின் முடிவையும் உடனுக்குடன் எழுதிவைக்க வேண்டும். இரு இடங்களிலும் ஒரே கண்டெய்னர் ஓட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒழுங்கும் நிலையின்மையும்

கோப்புறைகளைப் பிடிஎஃப், டாக்எக்ஸ், படம் என்று வடிவப்படி பிரிப்பதைவிட, எந்தத் தவறைக் காவல் காக்கிறது என்பதன்படி குறிச்சொல் இடுவது பயன் தரும். சாய்ந்த படம், இரட்டைப் பத்தி, பழைய எழுத்துரு, ரவுண்ட் ஆஃப், கொம்பு வரிசை என்று குறித்துவைத்தால், பகுப்பியின் ஒரு பகுதியைத் தொடுபவர் அதற்குரியவற்றை மட்டும் பைடெஸ்ட் என்னும் சோதனைக் கருவியின் குறிகளின் மூலம் உடனே ஓட்டலாம். ஒவ்வோர் ஆவணத்தோடும் அது ஏன் வந்தது, விடையை யார் சரிபார்த்தார், எப்போது, எதை மறைத்தோம் என்ற சிறு குறிப்பு இருக்க வேண்டும். காரணம் எழுதப்படாத ஆவணத்தைப் பிற்காலத்தில் நீக்க யாருக்கும் துணிவு வராது. ஒரே ஆலையின் ஒரே வடிவிலான பில்கள் இப்படித்தான் குவிகின்றன.

சில நேரம் பச்சையும் சில நேரம் சிவப்புமாக மாறும் சோதனைகளைத் தனியே கையாள வேண்டும். கூகுள் 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, அங்கே சோதனை ஓட்டங்களில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு இப்படி நிலையற்ற முடிவைத் தந்தன. ஏறத்தாழ 16 விழுக்காட்டுச் சோதனைகளில் ஏதோவோர் அளவில் அந்த நிலையின்மை இருந்தது. ஆவண மென்பொருளில் இதற்குப் பெரும்பாலும் சுமை நேரத்தில் மீறப்படும் நேரவரம்பு, ஒரே பெயரில் மோதும் தற்காலிகக் கோப்புகள், இன்றைய தேதியைப் பார்க்கும் நிரல் ஆகியவை காரணமாகின்றன. கடைசியாகச் சொன்னது ஏப்ரல் 1 அன்று நிதியாண்டு மாறும்போது தவறாமல் வெளிப்படும். சோதனைக்குள் தேதியை நிலைநிறுத்தாமல் இதற்குத் தீர்வில்லை. தோற்றவற்றைத் தானாக மறுபடி ஓட்டும் ஏற்பாட்டை நான் விரும்புவதில்லை, ஏனெனில் வாடிக்கையாளரின் ஆவணம் ஒருமுறைதான் படிக்கப்படுகிறது. நிலையற்ற சோதனையைத் தடுக்கும் தொகுப்பிலிருந்து விலக்கி, பொறுப்பாளர் பெயரும் கெடு நாளும் இட்டுத் தனிப் பட்டியலில் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற முடியாத குழு, இருக்கும் கோல்டன் கோப்புகளை நீக்குவதில் தொடங்க வேண்டாம். முதலில் அவற்றை மெர்ஜைத் தடுக்காத இரவு ஓட்டத்துக்கு மாற்றிவிட்டு, வாடிக்கையாளரிடமிருந்து வந்த புகார்களில் அதிகம் இழப்பு உண்டாக்கியவை எவை என்று பார்த்து, அந்த ஆவணங்களுக்கு மட்டும் விடைகளைக் கையால் எழுதத் தொடங்கலாம். எழுத்துணரியையோ பிடிஎஃப் நூலகத்தையோ விரைவில் மேம்படுத்தும் எண்ணம் இருந்தால், அதற்கு முன்பே இப்போதைய பதிப்பின் வெளியீட்டை முழுத் தொகுப்புக்கும் ஓட்டிச் சேமித்து, அதை உருவாக்கிய கண்டெய்னரையும் அழிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். மேம்படுத்திய பின் பழைய நூலகங்களையும் எழுத்துருக்களையும் தேடிச் சேர்த்து அந்த வெளியீட்டை மீண்டும் உருவாக்குவது பெரும்பாடு.